ஆயிரம் கல்

கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியையாகச் சேர்ந்தது 1991இல். அப்போது இது செங்கல்பட்டு மாவட்டம், திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997 ஜனவரியில்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஆனாலும் என் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் தமிழ், மீதிப் பேர் வீட்டில் தெலுங்கு. 1960 ஏப்ரலில் படாஸ்கர் என்பவரின் பரிந்துரைப்படி ஆந்திர எல்லையைத் திருத்தியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து கொஞ்சம் ஊர்கள் சத்தியவேட்டோடு அந்தப் பக்கம் போயின. கோடு போட்டாயிற்றே என்று எந்த வீடும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த நாளில் பெயர்ச்சொல் பாடம் காதால் படிக்கிற பாடம். "பெயர்ச்சொல் எத்தனை வகைப்படும்?" என்று நான் கேட்டால், "ஆறு வகைப்படும்" என்று ஓட்டுக்கூரை அதிரப் பதில் வரும். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்; அங்கே உட்கார்ந்திருக்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அடுத்த ஆண்டு வரும்போதே பாதியை மனப்பாடமாகக் கொண்டு வந்துவிடும். ஒருமை பன்மையும் அப்படித்தான். நோட்டில் நடுவே கோடு கிழித்து இடப்பக்கம் மரம், பூ, கல், முள், பசு. வலப்பக்கம் மரங்கள், பூக்கள், கற்கள், முட்கள், பசுக்கள். பிள்ளைகள் அவற்றை ஜோடி ஜோடியாகப் படித்துக்கொள்வார்கள். பரீட்சையில் அதே சொற்கள்தான் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். புத்தகத்தில் இல்லாத 'வில்' என்ற சொல்லைக் கொடுத்தால் வகுப்பு விழிக்கும்.

தமிழ் பேசிக்கொண்டே பள்ளிக்கு வந்த பிள்ளைக்குப் பன்மை விதியால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இருக்கவில்லை. மார்க்கு ஒன்றுதான். அதனாலேயே இலக்கண வகுப்பு என்றால் முகம் சுருங்கும்.

பிறகு எத்தனையோ வந்தன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுக்க வந்தது; சின்ன வகுப்புகளில் பெஞ்சு போய்ப் பாய் வந்தது, அட்டைகள் வந்தன, சுவரில் ஏணிப்படம் ஏறியது. 2010இல் சமச்சீர்க் கல்வி. 2022 ஜூன் 13 அன்று எங்கள் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் முதலமைச்சர் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிற முறை. இவற்றில் எதையும் நான் குறைவாக நினைப்பதில்லை. பிள்ளைக்கு என்ன வரும், என்ன வராது என்று பார்த்துப் பாடத்தைத் தொடங்கு என்பது சரியான எண்ணம். வயதையும் வகுப்பையும் பார்த்துத் தொடங்குவதைவிட நூறு மடங்கு சரி. அதே சமயம் இலக்கணம் பாடநூலில் இடம் சுருங்கிச் சுருங்கி, பாடத்தின் பின்னால் ஒரு பயிற்சிப் பகுதியாக நின்றுவிட்டது. விதியைச் சொல்லிக்கொடுப்பது ஏதோ பழைய காலத்து வேலை என்கிற எண்ணமும் எங்கள் நடுவில் பரவியது.

சரியாக இந்தச் சமயத்தில்தான் விதி தேவைப்படுகிற பிள்ளைகள் வகுப்புக்குள் வந்தார்கள்.

இப்போது என் வருகைப் பதிவேட்டில் தாய்மொழிக் கட்டத்தைப் பார்த்தால் தமிழ், தெலுங்கோடு ஒடியா, இந்தி, வங்காளம் எல்லாம் இருக்கின்றன. அப்பா பவுண்டரியில் அல்லது ரோலிங் மில்லில்; அம்மா ஏதாவது பேக்கிங் வேலையில். இவர்களோடு மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிற இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களின் பெரியவர்கள் 1990ஐ ஒட்டிக் கடல் கடந்து வந்தவர்கள். இவர்களைத் தவிர, பள்ளிக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற செங்கல் சூளையிலிருந்து டிசம்பர், ஜனவரியில் வந்து ஜூன் மாதத்துக்குள் போய்விடுகிற பிள்ளைகள். பொலாங்கிர், நுவாபடா என்று ஒடிசாவின் மேற்குப் பக்கத்து மாவட்டங்களின் பெயர் சொல்வார்கள். நுவாகாய் பண்டிகை முடிந்து முன்பணம் வாங்கிக்கொண்டு அம்மா அப்பாவோடு ரயிலேறியவர்கள். இந்தப் பிள்ளைகளுக்காகத் திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் ஒடியா தெரிந்தவர்களை வைத்து, ஒடிசாவிலிருந்தே பாடப்புத்தகங்களை வரவழைத்து மையங்கள் நடந்திருக்கின்றன. நல்ல வேலை அது. அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்பும்போது அதன் எழுத்து அதனிடம் இருக்க வேண்டும். ஆனால் ஆறு மாதம் இங்கே இருக்கிற பிள்ளைக்குக் கடையில், தெருவில், விளையாட்டில் தமிழும் வேண்டும்.

காலப்பெயருக்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால் அன்றைய பிள்ளைகள் தை, ஆடி, விடியல், அந்தி என்று எழுதுவார்கள். இன்றைய பிள்ளைகள் 'ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட்' என்று எழுதுகிறார்கள். முழு மார்க்கு போடுகிறேன். அந்த வீட்டில் பொழுது அப்படித்தான் பிரிகிறது. சோறு வடிப்பதும் படுப்பதும் அந்தப் பெயர்களை வைத்துத்தான். இடப்பெயருக்கு 'சிப்காட்' என்று எழுதாத நோட்டே கிடையாது. 1971இல் அரசு அமைத்த ஒரு நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் இன்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற ஊர்ப்பெயராகிவிட்டது. பாக்கம், பூண்டி, பேட்டை, குப்பம், கண்டிகை என்று முடிகிற நம் பக்கத்து ஊர்களோடு அதையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதி, எது காரணப்பெயர், எது இடுகுறிப்பெயர் என்று பேசவைக்க ஒரு பீரியடு போதாது.

சினைப்பெயரில்தான் ஒருநாள் வகுப்பு சூடு பிடித்தது. கண், கை, கிளை, இலை என்று சொல்லிக்கொண்டு வந்தபோது லாரி டிரைவர் ஒருவரின் மகன் எழுந்து, "லாரி சக்கரம் சினைப்பெயரா மிஸ், பொருட்பெயரா?" என்று கேட்டான். சினை என்றால் முழுதின் உறுப்பு. லாரியில் மாட்டியிருக்கும்போது சினை, கழற்றிப் பஞ்சர் கடையில் சாத்தி வைத்தால் பொருள் என்று நான் சொன்னேன். உயிருள்ளவற்றின் உறுப்பைத்தான் சினை என்பது என்று வாதிடுகிற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முழுது, உறுப்பு என்கிற உறவைப் பிள்ளை பிடித்துக்கொண்டதா என்பதுதான் எனக்கு முக்கியம். அடுத்த பத்து நிமிடம் அவர்களே கேள்வி கேட்டுக்கொண்டார்கள். கதவு வீட்டின் சினையா, பக்கம் புத்தகத்தின் சினையா, வாசல் வீட்டின் சினையா இடமா?

ஒரே ஒரு குழப்பம் மட்டும் அன்றும் இன்றும் அப்படியே இருக்கிறது. தொழிற்பெயர் என்றதும் பிள்ளைகள் தொழில் செய்பவரின் பெயரை எழுதிவிடுவார்கள். 1991இல் உழவர், தச்சர், கொல்லர். இப்போது வெல்டர், பிட்டர், டர்னர், மோல்டர். தொழிற்பெயரில் வருகிற தொழில் பிழைப்பைக் குறிப்பதன்று, செயலைக் குறிப்பது என்று எத்தனை தடவை சொன்னாலும் ஆறாம் வகுப்பு மனசில் அது நிற்காது. அதை நிற்கவைத்தவர்கள் சூளைப் பிள்ளைகள். சூளையில் என்னென்ன நடக்கும் என்று கேட்டேன். மண் குழைப்பார்கள், கல் அறுப்பார்கள், பச்சைக்கல்லை வெயிலில் காயவைப்பார்கள், அடுக்குவார்கள், சுடுவார்கள், சுமப்பார்கள் என்று கையை ஆட்டி ஆட்டிச் செய்து காட்டியே சொன்னார்கள். பாதித் தமிழ், பாதி ஒடியா. வினைகளை எல்லாம் பலகையில் எழுதிவிட்டுப் பெயராக்கினோம். குழைத்தல், அறுத்தல், சுமத்தல் என்று விகுதி சேர்ந்து வருவது ஒன்று. 'அறுப்பு' என்று வேறொரு விகுதியிலும் வரும். 'அடுக்கு' என்பதில் எந்த விகுதியும் இல்லை, வினைப் பகுதி அப்படியே பெயராக நிற்கிறது, முதனிலைத் தொழிற்பெயர். 'சுடு' என்பது நீண்டு 'சூடு' என்று ஆனால் முதனிலை திரிந்த தொழிற்பெயர். மூன்று வகையும் ஒரு சூளைக்குள்ளேயே கிடைத்துவிட்டன. பக்கத்து ஆலையில் அப்பா வேலை பார்க்கிற பையன் 'உருக்கு' என்று சேர்த்தான். உருக்குகிற செயலின் பெயரே உருக்கிய பொருளுக்கும் பெயராகிவிட்ட சொல் அது. உருக்காலைகளைச் சுற்றி வீடு கட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

பன்மைக்கு வருகிறேன். நான் சொல்ல நினைத்ததில் பாதிக்குமேல் இதுதான்.

வெளியூர்ப் பிள்ளை முதலில் பிடித்துக்கொள்வது தெருத்தமிழின் பன்மையை. பசங்க, புள்ளைங்க, மாடுங்க, வீடுங்க. இந்த 'ங்க' எதன்மேல் வேண்டுமானாலும் உட்காரும். கல்லுங்க, முள்ளுங்க, பல்லுங்க. எந்த எழுத்தும் திரிவதில்லை. பார்ட்ஸ், பூட்ஸ், லேடீஸ் போன்ற இங்கிலீஷ் பன்மைகளைக்கூட நாம் ஒருமையாக எடுத்துக்கொண்டு 'ஒரு பார்ட்ஸ் வாங்கணும்', 'லேடீஸுங்க வராங்க' என்கிறோம் அல்லவா, அதையும் அந்தப் பிள்ளை ஒரு வாரத்தில் சொல்லிவிடும். ஆனால் வகுப்புக்குள் வந்தால் கல் கற்களாகிறது, முள் முட்களாகிறது, கால் மட்டும் கால்களாகவே நிற்கிறது. தமிழ்ப் பிள்ளை 'அப்படித்தான் வரும்' என்று விட்டுவிடும். வந்த பிள்ளை ஏன் என்று கேட்கும். கேட்டே ஆகவேண்டும், அதற்கு வேறு வழி இல்லை.

1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்பவர் செய்த சோதனை ஒன்றைப் பயிற்சி வகுப்பில் கேள்விப்பட்டிருந்தேன். உலகத்தில் இல்லாத ஒரு பிராணியைப் படமாக வரைந்து, அதற்கு 'வக்' என்று பெயரும் வைத்து, பிறகு இரண்டை வரைந்து காட்டி, 'இப்போது இரண்டு…' என்று நிறுத்திவிட்டார். சின்னக் குழந்தைகள் அந்த இல்லாத சொல்லுக்குச் சரியான இங்கிலீஷ் பன்மையைச் சொன்னார்கள். கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்வது மட்டுமல்ல, விதியையே குழந்தை தனக்குள் வைத்திருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

அதை நான் ஏழாம் வகுப்பில் செய்தேன். கோழி மாதிரி உடம்பு, ஆமை மாதிரி ஓடு, இரண்டு கொம்பு. "இதுக்குப் பேரு கில்." பிறகு இன்னொன்று வரைந்தேன். "இப்ப ரெண்டு…?"

தமிழ்ப் பிள்ளைகள் ஒரே குரலில், "ரெண்டு கில்லு மிஸ்."

நிறைய இருந்தால்? "நெறைய கில்லுங்க." நோட்டில் எழுதச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் 'கில்கள்' என்று எழுதியிருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்து படிக்கிற ஒரு பெண்பிள்ளை மட்டும் 'கிற்கள்' என்று எழுதியிருந்தாள். எப்படி என்று கேட்டேன். "கல் கற்கள், பல் பற்கள், சொல் சொற்கள். கால் மட்டும் கால்கள்தான் மிஸ். கால் நீட்டு. கில் சின்னது."

தனிக்குறிலை அடுத்து வருகிற லகரம் றகரமாகவும் ளகரம் டகரமாகவும் திரியும். நெடிலை அடுத்தோ, இரண்டு மூன்று எழுத்தை அடுத்தோ வந்தால் திரியாது. விரல்கள், வாள்கள், தாள்கள். 'தனிக்குறில்' என்ற பெயர் அவளுக்குத் தெரியாது. விதி தெரிந்திருந்தது. பலகையின் இரண்டு பக்கத்தையும் பார்த்து அவளே கண்டுபிடித்தது. எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த விதியை இப்படிக் கையில் எடுத்துப் புதுச் சொல்லுக்குப் போட்டுப் பார்த்த பிள்ளையை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அதே விதிப்படி 'நாள்கள்'தான் வர வேண்டும். 'நாட்கள்' என்று எழுதாத பத்திரிகை இல்லை, ஜி.என்.டி. ரோடு நெடுக பேனர்களில் 'வாழ்த்துக்கள்'தான். 'நாட்கள்' எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வகுப்பில் நாள்கள், வாழ்த்துகள், எழுத்துகள் என்றே பிடிவாதமாகச் சொல்கிறேன். விதியை நம்பி நடக்கிற பிள்ளைக்கு முதல் ஆண்டிலேயே விதிவிலக்கைக் காட்டினால் அது விதியையே விட்டுவிடும்.

பசுக்கள், தெருக்கள் என்று க் வருவதும் காடுகள், வீடுகள் என்று வராததும் இன்னொரு முடிச்சு. முற்றியலுகரம், குற்றியலுகரம் என்று தொடங்கினால் வகுப்பு தூங்கும். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் உதட்டை மற்றவர் பார்க்கச் சொல்வேன். 'பசு' என்று முடிக்கும்போது உதடு குவியும். 'காடு' என்று முடிக்கும்போது குவியாது. குவிந்தால் க் போடு. பீகார்ப் பையனும் முகாம் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தெரு, ஆடு, பசு, மாடு என்று மாறி மாறிச் சொல்லி உதட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது எந்த அட்டையிலும் இல்லை. நம் இலக்கணக்காரர்கள் ஒலியைக் கேட்டும் வாயைப் பார்த்தும்தான் இதையெல்லாம் வகுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு வீட்டு மொழியும் வகுப்புக்கு ஏதோ ஒன்றைக் கொண்டுவருகிறது. தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு 'புஸ்தகம்' என்பது 'புஸ்தகாலு' ஆகும். மகரம் போய் விகுதி வரும் என்பது அதற்குப் புதிதில்லை. மரம் மரங்கள் ஆவதை உடனே பிடித்துக்கொள்ளும். இந்தி வீட்டுப் பிள்ளைக்குத் திண்டாட்டம் வேறு இடத்தில். அவர்கள் மொழியில் நாற்காலியும் பெண்பால், புத்தகமும் பெண்பால், வீடு ஆண்பால். "மேசை ஆணா பெண்ணா மிஸ்?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, அது அஃறிணை என்று கேட்டதும் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ஒடியா பாடப்புத்தகத்தில் ஆட்களுக்கு ஒரு பன்மை, பொருள்களுக்கு வேறு பன்மை. பிள்ளைகள் என்றால் 'பிலாமானே', புத்தகங்கள் என்றால் 'பஹிகுடிக'. ஆள் வேறு, பொருள் வேறு என்று பன்மையிலேயே பிரித்துப் பழகிய பிள்ளைக்கு உயர்திணை, அஃறிணை என்பது ஒரு நாள் பாடம். முகாம் பிள்ளைகள் பெடியள், பிள்ளையள், ஆக்கள் என்பார்கள். அவர்கள் தாத்தா பாட்டி கொண்டுவந்த யாழ்ப்பாணத்துப் பன்மை. மற்றப் பிள்ளைகள் சிரித்தால் நான் விடுவதில்லை. 'பசங்க' எப்படியோ அப்படித்தான் 'பெடியள்' என்று பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பேன்.

இனி அந்த 'ரெண்டு கில்லு.' அதைத் தப்பு என்று அடிக்கலாமா?

சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆயிரம் கல், ஐயாயிரம் கல், பத்தாயிரம் கல். சூளைப் பிள்ளைக்குத் தெரிந்த முதல் தமிழ் எண்ணே அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளை 'ஆயிரம் கல்' என்று எழுதினால் பயிற்சித்தாளின் விடைக்குறிப்பு 'ஆயிரம் கற்கள்' என்கிறது. நான் 'ஆயிரம் கல்'லுக்கும் சரி போடுகிறேன். நானாகக் கொடுக்கிற சலுகை இல்லை இது. தொல்காப்பியம் அஃறிணைப் பெயருக்குக் 'கள்' சேரலாம் என்றுதான் சொல்கிறது, சேர்ந்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. பெயர் ஒருமையா பன்மையா என்று தன்னளவில் காட்டாது; 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்று வினைதான் காட்டும். எண்ணுப்பெயர் முன்னால் நின்றால் அதுவே காட்டிவிடும். ஆயிரம் என்ற பிறகு கல் எத்தனை என்பதில் யாருக்குச் சந்தேகம்? பத்து மாடு, நாலு வீடு, ஆறு முழம் என்றுதான் நம் பாட்டிகள் பேசினார்கள், நாமும் பேசுகிறோம். சீனமும் ஜப்பானியமும் பொருட்பெயருக்குப் பன்மை விகுதியே பெரும்பாலும் இல்லாமல் நடந்துகொண்டிருக்கின்றன.

இங்கிலீஷ் வழியில் இலக்கணம் படித்துவிட்டு, எண் வந்தால் பன்மை விகுதி வந்தே ஆகவேண்டும் என்று தமிழையும் அந்த அளவுக்கு வெட்டுகிறோம். அதில் அடிபடுவது பேச்சுத் தமிழை நன்றாகக் காதில் வாங்கிக்கொண்ட பிள்ளைதான். சூளையோரம் ஆறு மாதத்தில் தமிழ் கற்ற பிள்ளையின் வாக்கியம் நன்னூலுக்குச் சரி, விடைக்குறிப்புக்குத் தப்பு என்றால் திருத்த வேண்டியது விடைக்குறிப்பை. ஒன்றியக் கூட்டங்களில் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஆட்களின் பன்மைக்குக் கணக்கு வேறு. 'அவர்' என்பது ஒரு காலத்தில் பலரைக் குறித்த சொல். பிறகு மரியாதைக்காக ஒருவரையே 'அவர்' என்றோம். அப்படியானால் பலரை எப்படிச் சொல்வது? அஃறிணைக்கு இருந்த 'கள்'ளை எடுத்து ஒட்டி 'அவர்கள்' என்று ஆக்கிக்கொண்டோம். திருக்குறளிலேயே ஓரிரு இடத்தில் ஆட்களுக்குக் 'கள்' வந்துவிட்டது. அதுவும் போதாமல் இன்று தலைமையாசிரியர் ஒருவரையே 'தலைமையாசிரியர் அவர்கள்' என்று அழைப்பிதழில் போடுகிறோம். பன்மையை மரியாதை விழுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே யாருக்குப் பன்மை கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது தமிழில் வெறும் எண்ணிக்கை விஷயம் இல்லை.

'என் குடும்பம்' என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். 'கிற்கள்' எழுதிய அதே பிள்ளையின் நோட்டில் இப்படி இருந்தது: 'என் அப்பா ரோலிங் மில்லில் வேலை செய்கிறான். அவன் இரவு வருவான். சூப்பர்வைசர் நல்லவர். அவர் எங்களுக்கு அரிசி கொடுத்தார்.'

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. திணையும் பாலும் தெரியாத பிள்ளையும் இல்லை. சூப்பர்வைசருக்கு 'அர்' போடத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கு 'ஆன்' வந்தது எங்கிருந்து? அப்பாவைப் பற்றித் தமிழில் யார் பேசினாலும் அப்படித்தான் பேசுகிறார்கள். "அவன் எங்க போனான்?" "உங்கப்பன் வந்தானா?" "இந்த ஹிந்திக்காரனுங்களே இப்படித்தான்." அவர் ஒடியாக்காரர் என்பதுகூடக் கேட்கிறவர்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை தமிழில் தன் அப்பாவைப் பற்றிக் கேட்ட வாக்கியங்கள் அவ்வளவுதான். அவற்றிலிருந்து அவள் விதியைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறாள். லகரம் றகரமாகிற விதியை எடுத்தது போலவே. அவள் வீட்டு மொழியில் அப்பாவுக்கு மரியாதை இல்லாமல் இல்லை. ஒடியாவிலும் சின்னவருக்கு ஒரு சொல், பெரியவருக்கு ஒரு சொல் உண்டு.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு 'செய்கிறார், வருவார்' என்று எழுதிக் காட்டினேன். "அப்பாவுக்குமா மிஸ்? அப்பா ஹெல்பர்" என்றாள்.

மறுநாள் மொத்த வகுப்புக்கும் அந்தப் பாடத்தை எடுத்தேன். சிப்காட்டில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டுப் பலகையில் வரிசையாக எழுதினேன். மேனேஜர், இன்ஜினியர், சூப்பர்வைசர், ஆபரேட்டர், வெல்டர், டிரைவர், வாட்ச்மேன், லோடுமேன், ஹெல்பர், துப்புரவுப் பணியாளர். ஒவ்வொருவருக்கும் எதிரே 'வந்…' என்று மட்டும் எழுதிவிட்டு, வாயில் வருவதை அப்படியே நிரப்பச் சொன்னேன். மேனேஜர் வந்தார். இன்ஜினியர் வந்தார். வெல்டர் வரைக்கும் 'ஆர்' தயங்காமல் வந்தது. டிரைவரில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. லாரி டிரைவரின் மகன் சத்தமாக "வந்தார்" என்றான். வாட்ச்மேன் வயதானவர் என்பதால் 'வந்தார்' ஆனார். லோடுமேனும் ஹெல்பரும் 'வந்தான்.' ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் மேனேஜர்கள் 'வந்தாங்க', ஹெல்பர்கள் 'வந்தானுங்க.' துப்புரவு வேலை பார்க்கிற அம்மா 'வந்தா.'

கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று அவர்களையே வந்து காட்டச் சொன்னேன். ஒருவன் எழுந்து வந்து டிரைவருக்கும் வாட்ச்மேனுக்கும் நடுவில் சாக்பீஸை வைத்தான். இன்னொருவன் அதைக் கீழே இறக்கினான். கொஞ்ச நேரம் சத்தம். பிறகு எல்லா வரிகளையும் 'ஆர்' போட்டுத் திரும்ப எழுதச் சொன்னேன். பெரியவர்கள் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், நோட்டிலும் சரி வாயிலும் சரி இப்படித்தான் என்றேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான், "லோடுமேனுக்கும் போடணுமா மிஸ்?"

"லோடுமேனுக்கும் போடு. ஹெல்பருக்கும் போடு" என்றேன். எழுதினார்கள்.